நடுவில் இருக்கும் அம்மாவை விட்டுவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கரீபியன் தீவுகளிலிருந்து 1950களில் இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலைக்கு வந்த பெண்களையும் இன்று அதே வேலையில் இருக்கும் அவர்களுடைய பேத்திகளையும் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஊரிலிருந்து அக்கா வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். சேவை மனப்பான்மை ரத்தத்திலேயே ஊறியிருக்கிறது, பாட்டி போட்ட பாதையில் பேத்தி நடக்கிறாள் என்ற தோரணையில் போனது கட்டுரை. படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் லண்டனில் ஒரு ரத்த நோய் வார்டில் நர்ஸாக இருக்கிறேன், அப்படிப்பட்ட பேத்தி ஒருத்தியோடு தினமும் வேலை பார்க்கிறேன். டீ குடிக்கும் நேரத்தில் கட்டுரையை அவளுக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதியிலேயே நிறுத்தி, "எல்லாம் சரி, எங்க அம்மா எங்கே?" என்று கேட்டாள். பாட்டி இருக்கிறார், பேத்தி இருக்கிறாள், நடுவில் ஒரு தலைமுறையையே காணோம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போய்விட்டால் வெட்டிக்கொள்ளுங்கள், அம்மாவைப் பற்றிய பகுதியை மட்டும் வெட்டிவிடாதீர்கள். அவளிடம் கேட்டு, அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

முதலில் அந்தக் காலத்தைச் சொல்லிவிடுகிறேன். போர் முடிந்து பிரிட்டனில் எங்கு பார்த்தாலும் ஆள் பற்றாக்குறை. 1948 ஜூனில் எம்பயர் விண்ட்ரஷ் கப்பல் ஜமைக்காவிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு டில்பரி துறைமுகத்துக்கு வந்தது. அடுத்த மாதம் 5ஆம் தேதியே எல்லோருக்கும் இலவச மருத்துவம் என்று என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவை தொடங்கியது. அறிவித்தாகிவிட்டது, வார்டில் நிற்க நர்ஸ் இல்லை. அந்தச் சம்பளத்துக்கும் அந்த விடுதிக் கட்டுப்பாட்டுக்கும் உள்ளூர்ப் பெண்கள் போதுமான அளவில் வரவில்லை. அதனால் 1949லிருந்தே சுகாதார அமைச்சகமும் தொழிலாளர் அமைச்சகமும் காலனி அலுவலகமும் சேர்ந்து தீவுகளில் ஆள் எடுக்க ஆரம்பித்தன. 1955 வாக்கில் 16 காலனி நாடுகளில் இப்படி நர்ஸ் தேர்வு நடந்துகொண்டிருந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பெண்கள் வெளிநாட்டுக்காரர்களாக வரவில்லை. 1948ல் வந்த குடியுரிமைச் சட்டப்படி ஜமைக்காவில் பிறந்தவரும் லண்டனில் பிறந்தவரும் ஒரே குடியுரிமை உள்ளவர்கள், விசா என்ற பேச்சே கிடையாது. 1962ல்தான் முதல் கதவைச் சாத்தினார்கள். அரசே கூப்பிட்டது, சொந்த நாட்டு பாஸ்போர்ட்டோடு வந்தார்கள். பின்னால் நடந்ததையெல்லாம் இதை மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

தோழியின் பாட்டி ஜமைக்காவில் கிளாரண்டன் பகுதியைச் சேர்ந்தவர், கரும்புக்காட்டு ஊர். 1958ல் இருபது வயதில் கப்பலேறி சவுத்தாம்ப்டனில் இறங்கி அங்கிருந்து ரயிலில் வாட்டர்லூ வந்தார். இப்போதும் இருக்கிறார், எண்பது தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம், நாக்குக்கு ஒரு குறையும் இல்லை. நான் அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். ரயிலிலிருந்து பார்த்தபோது வரிசை வரிசையாக வீட்டுக்கூரையில் புகை வந்ததாம், இந்த ஊரில் இத்தனை தொழிற்சாலையா என்று நினைத்துக்கொண்டாராம். வீடுகளுக்குள் குளிர் காய நெருப்பு மூட்டுவார்கள் என்பதே அவருக்குத் தெரியாது. அவரோடு வந்த பெண்களும் அப்படித்தான் நினைத்தார்களாம், அதைச் சொல்லி இன்னும் சிரிக்கிறார்.

உங்கள் கட்டுரையில் ஒரு வரி கூட வராத விஷயம், அங்கே இரண்டு வகை நர்ஸ் இருந்தார்கள் என்பது. மூன்று வருடம் படித்தால் ஸ்டேட் ரெஜிஸ்டர்டு நர்ஸ். இரண்டு வருடம் படித்தால் ஸ்டேட் என்ரோல்டு நர்ஸ். முதலாவதுக்கு மேலே ஏணி இருக்கிறது, வார்டு சிஸ்டர் ஆகலாம், மருத்துவமனையின் தலைமை நர்ஸான மேட்ரன் ஆகலாம். இரண்டாவது அதோடு சரி, படுக்கையோரத்திலேயே நிற்க வேண்டியதுதான். அதைவிடக் கொடுமை, அந்த இரண்டு வருடப் படிப்புக்கு ஜமைக்காவிலும் பார்படோஸிலும் மதிப்பே கிடையாது. ஊருக்குத் திரும்பினால் நர்ஸ் வேலை கிடைக்காது. தீவுகளிலிருந்து வந்த ஏராளமான பெண்களை, மூன்று வருடப் படிப்புக்குத் தகுதி இருந்தும், வித்தியாசத்தைச் சொல்லாமலேயே இரண்டாவதில் சேர்த்துவிட்டார்கள். இது ஒரு பாட்டி சொல்லும் கதை இல்லை, அந்தத் தலைமுறையில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். பாட்டியிடம் ஒரு தாளை நீட்டியிருக்கிறார்கள், "நர்ஸ் பயிற்சி" என்று இருந்தது, கையெழுத்துப் போட்டிருக்கிறார். எட்டு மாதம் கழித்துத்தான் கூடப் படித்த ஒரு ஐரிஷ் பெண் சொல்லி விஷயம் தெரிந்ததாம். மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, முதலில் இதை முடி, அப்புறம் பார்க்கலாம் என்று பதில். பல மருத்துவமனைகளில் பெல்ட்டின் நிறமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும், இரண்டு வருடக்காரர்களுக்குப் பச்சை. "வார்டுக்குள் நுழையும்போதே நோயாளி பெல்ட்டைப் பார்ப்பான், அப்புறம்தான் முகத்தைப் பார்ப்பான். எனக்கு இரண்டிலுமே மார்க் கிடையாது" என்றார். இதைச் சொல்லும்போதும் சிரித்தார், நான்தான் சிரிக்கவில்லை.

வேலை கொடுத்த இடங்களும் அப்படியே. உள்ளூர்ப் பெண்கள் விரும்பாத முதியோர் வார்டு, மனநல மருத்துவமனை, அப்புறம் நைட் டியூட்டி. உன் கறுப்புக் கையால் என்னைத் தொடாதே என்று நோயாளி சொல்வது தினசரி நடப்பு. அதே நோயாளியை ராத்திரி மூன்று மணிக்குத் துடைத்துச் சுத்தம் செய்து துணி மாற்றுவதும் இவர்தான். வாடகைக்கு அறை கேட்டுப் போனால் பலகையில் "காலி" என்று தொங்கும், கதவைத் திறந்து முகத்தைப் பார்த்ததும் இப்போதுதான் ஆள் வந்துவிட்டது என்பார்கள். அதைத் தடுக்க ஒரு சட்டமும் அப்போது இல்லை; 1965ல் வந்த முதல் இனப் பாகுபாட்டுச் சட்டம்கூட வீட்டு வாடகையைத் தொடவில்லை, அதற்கு 1968 ஆயிற்று. வங்கிகளும் வீட்டுக்கடன் கொடுக்கத் தயங்கின. அதற்கு இவர்கள் கண்ட வழி நம் வாசகர்களுக்கு உடனே புரியும். ஜமைக்காக்காரர்கள் அதைப் பார்ட்னர் என்பார்கள், டிரினிடாட்டில் சூசூ. அச்சு அசலாக நம் ஊர் சீட்டு, ஏலம் கூறுவது மட்டும் கிடையாது. வாரா வாரம் ஆளுக்கு இவ்வளவு என்று நம்பிக்கையான ஒருவரிடம் கட்ட வேண்டும், முறை வரும்போது மொத்தமாகக் கைக்கு வரும். பாட்டி வார்டில் பத்துப் பதினைந்து நர்ஸ்களும் வார்டு உதவியாளர்களும் சேர்ந்து நடத்தியிருக்கிறார்கள். பாட்டிதான் பணம் பிடிப்பவர். தெற்கு லண்டனில் இன்றைக்கும் அவர் இருக்கும் வீட்டுக்கு முன்பணம் அந்தப் பார்ட்னர் பணம்தான். சீட்டு நோட்டை இன்னும் வைத்திருக்கிறார். யார் எந்த வாரம் தாமதமாகக் கட்டினார்கள் என்று இப்போதும் சொல்வார்!

இனி அம்மா.

பாட்டி கப்பலேறியபோது அவருக்கு ஒரு வயதில் பெண் குழந்தை. நர்ஸ் விடுதியில் குழந்தைக்கு இடமில்லை, அதனால் கிளாரண்டனில் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தார். இரண்டு வருடத்தில் திரும்பிவிடலாம் என்று நினைப்பு. அந்தப் பச்சை பெல்ட் படிப்பை வைத்துக்கொண்டு எங்கே திரும்புவது? மாதா மாதம் பணம் போயிற்று, கிறிஸ்துமஸுக்குப் பார்சலில் ஷூவும் கவுனும் போயிற்று, ஷூ பாதி நேரம் அளவு சேராது, ஏனென்றால் குழந்தையின் கால் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று அம்மாவுக்குத் தெரியாது. 1965ல் எட்டு வயதில் ஒரு சித்தியோடு, சித்தியின் பாஸ்போர்ட்டில் பெயரைச் சேர்த்து, விமானத்தில் வந்து இறங்கினாள் அந்தப் பெண். விமான நிலையத்தில் தன்னைக் கட்டிப்பிடித்து அழுகிற இந்த அம்மாள் யார் என்று சித்தியின் பின்னால் போய் ஒளிந்துகொண்டாளாம். அந்தத் தீவுகளில் இப்படி ஒரு தலைமுறையே இருக்கிறது, பாட்டியிடம் வளர்ந்து, பள்ளிக்கூட வயதில் தெரியாத ஊரில் தெரியாத அம்மாவிடம் வந்து சேர்ந்தவர்கள். உங்கள் கட்டுரையின் அழகான குடும்பப் படத்தில் இவர்கள் எங்கே நிற்பார்கள்?

வந்த பிறகும் அம்மா கிடைத்துவிடவில்லை. பாட்டிக்குத் தொடர்ந்து நைட் டியூட்டி. காலையில் எட்டரைக்கு வீட்டுக்கு வந்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் படுப்பார், சாயங்காலம் பிள்ளை வரும்போது எழுந்து சமைத்து வைத்துவிட்டு மறுபடி கிளம்புவார். வீட்டில் சத்தம் போடக்கூடாது, அம்மா தூங்குகிறார். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டே வளர்ந்தேன் என்று தோழியின் அம்மா என்னிடமே சொல்லியிருக்கிறார். அவருக்கு டெட்டால் வாசனை இன்றுவரை ஆகாது. பள்ளி முடிக்கும் சமயத்தில் பாட்டி மகளை உட்காரவைத்து, எந்த வேலைக்கு வேண்டுமானாலும் போ, இந்த வேலைக்கு மட்டும் வராதே என்றாராம். சொல்லியிருக்கவே வேண்டியதில்லை. மகள் தட்டச்சு கற்றுக்கொண்டு கவுன்சில் அலுவலகத்தில் வீட்டு வசதிப் பிரிவில் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றார். கழுத்தில் சாவி தொங்கவிட்டுக்கொண்டு தானே கதவைத் திறந்து தானே சாப்பிட்ட பெண், தன் பிள்ளைகளோடு சாயங்காலமும் ராத்திரியும் வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்காகவே ஒன்பது முதல் ஐந்து வரை என்று அந்த வேலையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அவருடைய முடிவைச் சேவை மனப்பான்மைக் குறைவு என்று யாராவது சொல்லட்டும், பார்க்கலாம்.

அப்படியிருக்க, பேத்தி எப்படி இங்கே வந்தாள்? பரம்பரைப் பாசம் இல்லை. தம்பிதான் காரணம். அவள் தம்பிக்குச் சிக்கிள் செல் நோய். ரத்தத்தின் சிவப்பணு வட்டமாக இருப்பதற்குப் பதில் அரிவாள் போல வளைந்து, சிறு ரத்தக்குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும்; அடைத்த இடத்தில் வரும் வலி எலும்பை உடைப்பது போல இருக்கும் என்பார்கள். மலேரியா அதிகமாக இருந்த நிலப்பகுதி மக்களிடம் பரம்பரையாக வருவது. ஆப்பிரிக்க, கரீபியன் வம்சாவளியினருக்கு அதிகம். நம் நீலகிரி பழங்குடி மக்களிடமும் இது இருக்கிறது, அங்கே கண்டறிந்தது 1952லேயே. (அதைப் பற்றி ஒரு முழுப்பக்கம் போடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.) குளிர் பட்டாலோ, தண்ணீர் குறைவாகக் குடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ வலி கிளம்பிவிடும். லண்டன் குளிர்காலத்தில் அந்தப் பையன் அவசரப்பிரிவில் கிடந்த ராத்திரிகளுக்குக் கணக்கில்லை. அங்கே போனால் என்ன நடக்கும் என்றால், கறுப்பினப் பையன், வெளியே காயம் எதுவும் தெரியவில்லை, மார்ஃபின் கேட்கிறான், போதைக்குக் கேட்கிறானோ என்று சந்தேகப்பட்டுக் காக்கவைப்பார்கள். எந்த மருத்துவமனை என்று எழுத வேண்டாம், ஒரு இடத்தில் மட்டும் நடப்பதும் இல்லை இது. 2021ல் நாடாளுமன்ற உறுப்பினர் குழு ஒன்று இதையே விசாரித்து அறிக்கை கொடுத்தது, நோயாளிகள் சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை என்பதுதான் அதன் சாரம்.

அந்த ராத்திரிகளில் அம்மாவுக்குக் கை கால் ஓடாது, மருத்துவமனை என்றாலே ஆகாத மனுஷி. கூடப் போவது பாட்டி. கோட்டைக் கூடக் கழற்றாமல் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, இவனுக்குக் கடைசியாக மருந்து கொடுத்தது எத்தனை மணிக்கு, எவ்வளவு, சொட்டு மருந்து ஏன் இன்னும் ஏற்றவில்லை, ஆக்சிஜன் அளவு என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்பாராம். குரல் உயராது. யாராவது, பாட்டி நீங்கள் வெளியே உட்காருங்கள் என்றால், நான் நர்ஸ் என்பார், அவ்வளவுதான். அதன் பிறகு நடை மாறும். பள்ளிக்கூடப் பெண்ணாக மூலையில் நாற்காலியில் உட்கார்ந்து தோழி பார்த்தது இதை. வீட்டில் நைட் டியூட்டி முடித்துக் கால் வீங்கி உட்கார்ந்திருக்கும் பாட்டியைத்தான் அதுவரை அவளுக்குத் தெரியும். அந்த வேலை தெரிந்தவர் ஒருவர் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தால் தம்பிக்கு ஊசி சீக்கிரம் வருகிறது, இல்லாவிட்டால் தாமதமாகிறது. அவள் கணக்கு இவ்வளவு எளிமையானது. இன்று எங்கள் வார்டில், வலியோடு வரும் சிக்கிள் செல் நோயாளிக்கு அரை மணி நேரத்துக்குள் வலி மருந்து போயாக வேண்டும் என்ற வழிகாட்டு விதியை அவளைப் போலக் கறாராகப் பிடிப்பவர் யாரும் இல்லை. புதிதாக வரும் டாக்டர்களுக்கு அவளைக் கண்டால் கொஞ்சம் பயம், இருக்கட்டும் என்றுதான் நாங்களும் விட்டுவிட்டோம்.

இந்த நோய்க்கென்று தனி நர்ஸ் ஆலோசகர் என்ற வேலையே 1979ல்தான் லண்டனில் பிரெண்ட் பகுதியில் தொடங்கியது, அதில் முதலில் உட்கார்ந்தவர் எலிசபெத் அனியோன்வு. அவர் கரீபியன் இல்லை, தந்தை நைஜீரியர், தாய் ஐரிஷ் வம்சாவளி. ஜமைக்கா நர்ஸ் மேரி சீக்கோலுக்குச் சிலை வைக்க வருடக்கணக்கில் நிதி திரட்டியவர்களில் அவர் முன்னணியில் இருந்தார். கிரிமியப் போரில் காயம்பட்டவர்களைக் கவனித்த சீக்கோல் 1881லேயே இறந்துவிட்டார். நாடாளுமன்றத்துக்கு எதிர்க்கரையில் செயின்ட் தாமஸ் மருத்துவமனை வளாகத்தில் 2016ல்தான் சிலை எழுந்தது. உங்கள் கட்டுரையில் அந்தச் சிலையின் படம் இருந்தது, நல்ல படம்.

மறுபடி தோழிக்கு வருகிறேன். நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் போட்டதும் அவள் அம்மா கொஞ்ச நாள் பேசவில்லை. எங்க அம்மாவை எடுத்துக்கொண்டது போதாதென்று இப்போது என் மகளையும் கேட்கிறார்களா என்று பாட்டி காதுபடவே சொல்லியிருக்கிறார். பாட்டி அதற்குப் பதில் சொல்லவில்லையாம், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேத்தியைக் கூப்பிட்டு, எந்தப் படிப்பு, எத்தனை வருடம், முடித்தால் என்ன பெயர், எந்தப் படியில் ஏறலாம் என்று தாள் தாளாக வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றாராம். இரண்டு வருடப் படிப்பு அதற்குள் ஒழிந்துபோய்விட்டது. பாட்டியே ஐம்பது வயதுக்கு மேல் மாற்றுப் படிப்பு படித்து, 1990ல் ரெஜிஸ்டர்டு நர்ஸ் ஆனார், அப்போது அவருக்குக் கீழே சின்னப் பெண்களாக வேலை கற்றவர்கள் பலர் மேலதிகாரிகளாக இருந்தார்கள். பேத்தி பட்டப்படிப்பு, அரசு உதவித்தொகை இருந்த காலத்தில் படித்தாள். 2017ல் இங்கிலாந்தில் அந்த உதவித்தொகையை எடுத்துவிட்டார்கள். 2020லிருந்து வருடத்துக்கு 5,000 பவுண்டு கொடுக்கிறார்கள், கல்விக் கட்டணத்துக்குக் கடன்தான். படுக்கை விரிப்பு மூலை மடிப்பதும், தலையணை உறையின் திறந்த பக்கம் வார்டு வாசலைப் பார்க்கக் கூடாது என்பதும் அவளுக்குக் கல்லூரியில் சொல்லித்தரத் தேவைப்படவில்லை. பாட்டி வீட்டில் படுக்கை போடும் முறையே அது, தப்பாகப் போட்டால் மறுபடி பிரித்துப் போட வைப்பார்.

பட்டம் இருந்தும் ஏணி சுலபமாக இல்லை. இங்கே சம்பளப் படிகளை பேண்ட் என்பார்கள், புது நர்ஸ் பேண்ட் 5. அவள் அந்த 5லேயே பல வருடம் இருந்தாள். நேர்முகத் தேர்வுக்குப் போவாள், நன்றாகச் செய்தீர்கள், இன்னும் கொஞ்சம் அனுபவம் வேண்டும் என்பார்கள், அவளிடம் வேலை கற்ற பெண் அந்த இடத்துக்குப் போவாள். 1964ல், என்.எச்.எஸ். தொடங்கிப் பதினாறு வருடம் கழித்து, கயானாவில் பிறந்த டாஃப்னி ஸ்டீல் யார்க்ஷயரில் முதல் கறுப்பின மேட்ரன் ஆனபோது உலகம் முழுவதிலிருந்தும் அவருக்கு வாழ்த்துக் கடிதங்கள் வந்தன. அரை நூற்றாண்டு கழித்து 2014ல் லண்டன் மருத்துவ நிர்வாகங்களின் உச்சியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ராஜர் கிளைன் ஆராய்ந்து எழுதிய அறிக்கைக்கு வைத்த தலைப்பே பனி மூடிய வெள்ளைச் சிகரங்கள் என்ற பொருளில் இருந்தது. அதற்கு அடுத்த வருடத்திலிருந்து ஒவ்வொரு மருத்துவமனையும் எந்த இனத்தவர் எந்தப் படியில் இருக்கிறார்கள் என்ற கணக்கை வெளியிட வேண்டும் என்று விதி வந்தது. வெளியிடுகிறார்கள். தோழி ஒரு வழியாக பேண்ட் 7 ஆகிவிட்டாள். அன்று பாட்டி கேட்ட கேள்வி, "எழுத்தில் கொடுத்தார்களா?"

அந்த எழுத்து விஷயம் அவர்கள் குடும்பத்தில் விளையாட்டு இல்லை. 2018ல் விண்ட்ரஷ் விவகாரம் வெடித்தது நம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். குழந்தையாக, பெற்றோர் அல்லது உறவினர் பாஸ்போர்ட்டில் வந்து, ஐம்பது வருடம் இங்கேயே வேலை செய்து வரி கட்டியவர்களிடம், நீ இங்கே இருக்க உரிமை உள்ளவர் என்பதற்கு ஆதாரம் கொடு என்று கேட்டார்கள். வேலை போயிற்று, மருத்துவம் மறுக்கப்பட்டது, சிலரை நாடு கடத்தியே விட்டார்கள். அவர்கள் வந்து இறங்கியதைக் காட்டும் பழைய அட்டைகளை உள்துறையே 2010ல் அழித்திருந்தது. உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் பதவி விலகினார். தோழியின் அம்மா அப்படியே அந்த வகையில் வருபவர், சித்தி பாஸ்போர்ட்டில் வந்தவர். தப்பித்தது பாட்டியால்தான். ஒரு பெரிய பிஸ்கட் டப்பா, அதற்குள் 1958லிருந்து சம்பளச் சீட்டு, விடுதி ரசீது, மகளின் பள்ளிச் சேர்க்கைத் தாள், தடுப்பூசி அட்டை எல்லாம் வருடவாரியாக ரப்பர் பேண்ட் போட்டு. முதல் தாளில் ஏமாந்ததற்குப் பிறகு ஒரு தாளையும் விட்டதில்லை என்றார்.

இப்போது ஏன் இதை ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்றால், இன்று அந்த வரிசையில் நிற்பது நாம். நான் கன்னியாகுமரி மாவட்டம். எங்கள் பக்கத்தில் நர்ஸ் இல்லாத வீட்டைத் தேட வேண்டும், வளைகுடா போனவர்கள் போக மிச்சம் பேர் இப்போது இங்கிலாந்து ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிறார்கள். வெளிநாட்டில் படித்து இங்கே பதிவு பெற்ற நர்ஸ்களில் பிலிப்பைன்ஸ்காரர்களை இந்தியர்கள் முந்திவிட்டார்கள், அதில் பெரும்பங்கு மலையாளிகள், தமிழர்களும் கணிசம். பாட்டி குடிமகளாக வந்தார், நாங்கள் வேலை கொடுப்பவர் பெயர் போட்ட விசாவில் வருகிறோம். ஐந்து வருடத்தில் நிரந்தரமாகலாம் என்று நம்பி வந்தவர்களிடம், பொதுவாக அதைப் பத்து வருடமாக்கப் போகிறோம் என்று 2025 மே மாதம் வெள்ளை அறிக்கை விட்டார்கள். பச்சை பெல்ட்டுக்கு இன்றைய பெயரும் இருக்கிறது. பி.எஸ்சி. நர்ஸிங் முடித்த பெண்களை, முதலில் உள்ளே போய்விடு, அப்புறம் நர்ஸாக மாறிக்கொள்ளலாம் என்று சொல்லி, லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு, முதியோர் இல்லப் பராமரிப்பு உதவியாளர் விசாவில் ஏற்றிவிட்ட ஏஜென்சிகள் எத்தனை! வந்த பிறகு நர்ஸ் பதிவுக்குத் தனித் தேர்வு, செய்முறைத் தேர்வு, இதற்கெல்லாம் விடுப்பும் கிடையாது. அந்தப் பராமரிப்பு விசாவுக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை 2025 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள், ஏற்கெனவே வந்து மாட்டிக்கொண்டவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள், எங்கள் வார்டில் பகுதி நேரம் வருகிற ஒரு தஞ்சாவூர்ப் பெண் உட்பட. அவளுடைய குழந்தையும் ஊரில் அம்மாச்சியிடம்தான் வளர்கிறது. அதை அவள் சொன்ன அன்று தோழி என்னிடம் ஒன்றும் பேசவில்லை, ஆனால் அந்தத் தஞ்சாவூர்ப் பெண்ணின் டியூட்டிப் பட்டியலைத் தானே எடுத்துப்போய், ஊரில் குழந்தை விழித்திருக்கும் நேரத்துக்கு வீடியோ அழைப்புக்குத் தோதாக மாற்றிக் கொடுத்தாள்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். வெளிநாட்டு நர்ஸ் வேலை பற்றி வாரம் தவறாமல் விளம்பரமும் வெற்றிக் கதையும் போடுகிறீர்கள். அதே பக்கத்தில் சில விஷயங்களையும் போடுங்கள். வேலைக் கடிதத்தில் பதவிப் பெயர் என்ன, எந்த பேண்ட், பதிவு கிடைக்கும்வரை என்ன சம்பளம், பாதியில் விட்டால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்று எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆள் எடுக்கும் ஏஜென்சி நர்ஸிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்பது பிரிட்டன் அரசின் நடத்தை விதி, இதைத் தெரியாத பெற்றோர் இன்னும் நகையை அடகு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். வந்ததும் ஒரு தொழிற்சங்கத்தில் சேரச் சொல்லுங்கள், அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். சம்பளச் சீட்டைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், போனில் மட்டும் இல்லை, தாளாகவும். அப்புறம், பேத்தியைப் பேட்டி எடுக்கப் போகும் உங்கள் நிருபர் அடுத்த முறை அம்மாவிடமும் பத்து நிமிடம் பேசிவிட்டு வரட்டும்.

கடிதத்தைப் பிரசுரித்தால் என் பெயரைப் போட வேண்டாம், ஊர் போதும்.

இப்படிக்கு,
வாசகி, தெற்கு லண்டன்